கைப்பிடி அளவு

ஏழாவது வாரம் ரஞ்சிதத்தின் கைப்பிடி பலம் பதினொரு கிலோவிலிருந்து பதினெட்டுக்கு ஏறியது. அறையில் இருந்த மற்ற ஐந்து ஜோடிகளும் கைதட்டினார்கள். அவள் கணவர் பெர்னார்டும் தட்டினார். தட்டிக்கொண்டே அளக்கும் கருவியின் முள்ளை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார்.

பூன் லே சமூக மன்றத்தின் மூன்றாம் மாடி அறை அது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் அங்கே பன்னிரண்டு வாரப் பயிற்சி ஒன்று நடத்தினார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவர்கள் தங்கள் கணவனோடோ மனைவியோடோ சேர்ந்து வரவேண்டும். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து எழ வேண்டும், ஒரே ரப்பர் பட்டையின் இரு முனைகளைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு பின்னால் சாய வேண்டும். முதல் வாரம் எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து, மூச்சு வாங்குகிற சத்தத்தை வைத்து யார் நோயாளி, யார் துணை என்று சொல்ல முடியாமல் போயிற்று.

வகுப்பை நடத்திய லொரைனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அப்பா வழியில் தமிழ். வீட்டில் பேசிப் பழகாததால் அவளுடைய தமிழ் கொஞ்சம் நொண்டும். ஆறு ஜோடிகளில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் மட்டும்தான் என்பதால் இவர்களிடம் அதை எடுத்துப் புழங்குவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

"ஆன்ட்டி, சூப்பர் லா. செவன் கிலோ இம்ப்ரூவ்மெண்ட். வீட்ல டெய்லி செய்றீங்க, தெரியுது. அங்கிள், நீங்கதான் நல்ல கோச்."

"அந்த மீட்டர் சரியா இருக்கா?" என்றார் பெர்னார்ட்.

லொரைன் சிரித்தாள். "வேணும்னா நீங்க பிடிச்சுப் பாருங்க."

பெட்ரோல் பம்பின் பிடி மாதிரி இருக்கும் கருவி. அவர் அதை இறுக்கினார். முப்பத்தெட்டு. போன மாதமும் அவருக்கு முப்பத்தெட்டுதான். கருவியில் கோளாறில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

பெர்னார்டின் தொழில் அப்படி. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஊரிலிருந்து வெல்டராக வந்து, துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் படிப்படியாக ஏறி, இப்போது மற்றவர்கள் போட்ட வெல்டைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்தார். இரும்பின் மேல் சிவப்புச் சாயத்தைத் தெளிப்பார். ஊற விட்டுத் துடைப்பார். வெள்ளைப் பொடி அடிப்பார். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் வெள்ளையின் மேல் மயிரிழைபோலச் சிவப்பு ஊறி வரும். அழகாகப் பளபளக்கிற வெல்டைப் பார்த்தால் அவருக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஏழு மாதமாகத் தேறாத கை ஒரே மாதத்தில் ஏழு கிலோ ஏறியது என்றால், பயிற்சியினால் ஏறியிருக்கும் என்று சந்தோஷப்பட்டுப் போக அவரால் முடியவில்லை.

ரஞ்சிதத்தின் கைவலி ஜனவரியில் தொடங்கியது. அறுவை, மருந்து ஏற்றுவது, கதிர் வைப்பது எல்லாம் முடிந்த பிறகு ஐந்து வருஷத்துக்குத் தினமும் ஒன்று என்று ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தார்கள். நோய் திரும்பாமல் இருக்க. மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரமே அவள் விரல் மூட்டுகள் இறுகிவிட்டன. காலையில் எழுந்ததும் கை மடங்காது. வெந்நீர்ச் சட்டியில் இரண்டு கையையும் கால் மணி நேரம் முக்கி வைத்திருந்தால்தான் ஒரு டம்ளரைத் தூக்க முடியும். பெர்னார்ட் தேங்காய் துருவக் கற்றுக்கொண்டார், சப்பாத்திக்கு மாவு பிசையக் கற்றுக்கொண்டார், அவள் முதுகுப்பக்கம் கொக்கி மாட்டவும் கற்றுக்கொண்டார். மகள் பெர்த்தில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ரஞ்சிதமோ தையல்காரி. தேக்கா மார்க்கெட் மாடியில் ஷமீமா வைத்திருக்கும் தையல் கடையில் பதினாறு வருஷமாக வேலை. ரவிக்கை வெட்டுவதில் அவள் கைக்குத் தனிப் பெயர் உண்டு. அளவு ரவிக்கையே இல்லாமல், ஆளை ஒருமுறை திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு வெட்டுவாள். அந்தக் கை கத்திரிக்கோலைப் பிடிக்க முடியாமல் ஏழு மாதம் கொக்கி தைத்துக்கொண்டும், விளிம்பு பிரித்துக்கொண்டும் கடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு நடந்து போகும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. ரஞ்சிதம் குடையை ஒரு கையிலேயே பிடித்திருந்தாள். போன மாதம் வரை இரண்டு கையாலும் பிடிப்பாள்.

"கை எப்படி இருக்கு?" என்றார்.

"பாத்தீங்கள்ல. பதினெட்டு."

"அது மீட்டரு. நான் கைய கேட்டேன்."

"நல்லா இருக்கு. நல்லா இருந்தா ஒங்களுக்கு என்ன?"

"எப்படி திடீர்னு?"

"திடீர்னு என்ன? ஏழு வாரமா அந்த ரப்பர போட்டு இழுக்கல? ஒங்களுக்குத்தான் நம்பிக்கை கெடையாது, வர்றது மட்டும் எனக்கு முன்னாடி வந்து நிப்பீங்க."

அவர் முகத்தைத் திருப்பாமலே அவள் கையைக் கவனித்தார். குடைப்பிடியில் விரல்கள் மோதிரம்போலச் சுற்றி இறுகியிருந்தன.

அந்த வாரம் முழுவதும் அவர் கவனித்தார். செவ்வாய்க்கிழமை ஊறுகாய்ப் பாட்டில் மூடியை அவளே திறந்தாள். புதன்கிழமை வெந்நீர்ச் சட்டி அடுப்பில் ஏறவே இல்லை. வியாழக்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே வேலைக்குக் கிளம்பினாள். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது, வேலை குவிகிற காலம்தான். ஆனாலும் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு, ஏதோ பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டு போனாள்.

வலி மாத்திரை ஏதாவது ரகசியமாகப் போடுகிறாளோ என்று முதலில் நினைத்தார். கைப்பையில் பார்த்தார், இல்லை. சிராங்கூன் ரோட்டில் யாராவது நாட்டு வைத்தியரிடம் லேகியம் வாங்கித் தின்கிறாளா? வாயில் அப்படி ஒரு வாசனையும் இல்லை. கடைசியாகச் சமையலறை மேல்தட்டில் இருந்த ஹார்மோன் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினார். தேதிக்குச் சரியாக இருந்தது. ஒரு நாளும் தவறவில்லை. அட்டையை வைத்துவிட்டு நின்றார். எல்லாம் சரியாக இருப்பது அவர் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

அவர் இப்படிப்பட்டவராக எப்போதும் இருந்ததில்லை. வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்கார்ந்து, மனைவி சொல்வதற்கெல்லாம் உம் கொட்டுகிற மனிதர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம், அவள் துணி மடித்துக்கொண்டே, "இங்க ஒரு கட்டி மாதிரி இருக்குங்க" என்றாள். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொழுப்புக் கட்டியா இருக்கும். எங்க அக்காவுக்கும் இருந்துச்சு. கொஞ்ச நாள் பாப்போம்" என்றார். கொஞ்ச நாள் என்பது மூன்று மாதமாயிற்று. அறுவைக்குப் பிறகு, அக்குளில் நான்கு நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தது என்றார் டாக்டர். சீக்கிரம் வந்திருந்தால், என்று ஆரம்பித்துவிட்டு, பெர்னார்டின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆயிரக்கணக்கான வெல்டுகளைத் திருப்பி அனுப்பிய மனிதர், அந்த ஒன்றை மட்டும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கோயிலில் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

அடுத்த திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனார். கீழே மீன் கடைகளைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தார்கள். மாடியில் வரிசையாகத் தையல் கடைகள். எல்லாக் கடையிலும் இயந்திரம் ஓடுகிற சத்தம். ஷமீமாவின் கடையில் துணிப் பைகள் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தன. ரஞ்சிதம் இல்லை.

"வாங்கண்ணே. என்ன இந்த நேரத்துல?" என்றாள் ஷமீமா. ஐம்பது வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பேசிக்கொண்டே இயந்திரத்தை மிதிக்கிறவள். "அக்கா லைனிங் துணி எடுக்க பஃபலோ ரோடு போயிருக்காங்க. உக்காருங்க. பால் இல்லாம தே ஓ சொல்லவா?"

"வேணாம்மா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"அக்கா கை இப்ப நல்லா ஆயிடுச்சுண்ணே. போன வாரம் மட்டும் பதினாலு பிளவுஸ் வெட்டினாங்க. நான் அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிட்டேன். அந்த எக்ஸர்சைஸ் கிளாஸ்ல எனக்கும் எடம் கெடைக்குமா? எனக்கும் முட்டி வலி."

"நீ ஏதாவது மருந்து குடுத்தியா அவளுக்கு?"

இயந்திரம் நின்றது. "என்ன மருந்து?"

"தைலம், கஷாயம், ஏதாவது."

"நான் ஏண்ணே குடுக்கப் போறேன். கேன்சர் பார்த்த ஒடம்பு. யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லம்மா. சும்மா கேட்டேன்."

ஷமீமா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். கொக்கி தேடிக்கொண்டு ஷமீமா மேசையில் கிடந்த தகர டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ரஞ்சிதத்தின் பக்கத்தில் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தவள், "இது என்ன, அக்கா மிட்டாய் வாங்கி வச்சிருக்காங்க" என்று மூடப் போனாள்.

பெர்னார்ட் கையை நீட்டி டப்பாவை வாங்கினார். நூல் கட்டைகளுக்கும் பித்தளைக் கொக்கிகளுக்கும் நடுவில், சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள். ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். முப்பத்துநான்கு.

"அண்ணே, அது என்னது?" என்றாள் ஷமீமா, குரலைத் தாழ்த்தி.

"வைட்டமின்" என்று மூடிக் கொடுத்தார். "நான் வந்தேன்னு அவகிட்ட சொல்ல வேணாம்."

அவள் சரி என்று சொல்லவில்லை.

மாடிப்படி இறங்கும்போதும் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். முப்பத்துநான்கு நாள். ஒவ்வொரு காலையும் அவர் பார்க்கும்படியாக அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்தது, வாய்க்குக் கொண்டுபோனது, தண்ணீர் குடித்தது எல்லாம் கண்முன் வந்தது. முப்பத்துநான்கு தடவை அவர் எதிரே உட்கார்ந்து ஏமாற்றியிருக்கிறாள். அந்தத் தண்ணீரைக்கூட அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

அன்று வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்ற பயம் ஒரு பக்கம். அவள் அடுத்து எப்படிப் பொய் சொல்கிறாள் என்று பார்க்கிற குரூரமான ஆசை ஒரு பக்கம். காலையில் கோப்பியை ஆற்றியபடி அவள் கையையே பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். ஷமீமா சொல்லியிருப்பாளோ என்று அவருக்கு. அவள் பார்வையில் என்ன இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. "உப்பு போதுமா?" "போதும்." "மழை வரும்போல." "வரும்." ஐந்து நாள் வீட்டில் இந்தப் பேச்சுதான் நடந்தது.

சனிக்கிழமை வந்தது. அன்றைய பயிற்சி, எதிரெதிரே நின்று இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்தபடி மெல்ல உட்காருவது. முழங்கால் மடங்கி நாற்காலி உயரத்துக்கு இறங்கி, அப்படியே முப்பது நொடி நிற்க வேண்டும். ஒருவர் விட்டால் இருவரும் விழுவார்கள்.

"பார்ட்னர நம்பணும். நம்பலன்னா பேலன்ஸ் வராது" என்று சொல்லிக்கொண்டே லொரைன் அடுத்த ஜோடியிடம் போனாள்.

இறங்கினார்கள். அவள் பிடி அவர் மணிக்கட்டை நெரித்தது. நல்ல பலமான பிடி.

"எவ்வளவு நாளா?" என்றார் பெர்னார்ட்.

அவள் முகம் மாறவில்லை. "ஷமீமா திங்கட்கிழமையே சொல்லிட்டா."

"அப்புறமும் சும்மாதான இருந்த."

"நீங்களும் சும்மாதான் இருந்தீங்க. எத்தனை நாள் இப்படியே பாத்துக்கிட்டு இருப்பீங்கன்னு பாத்தேன்."

"செத்துப் போறதுக்கா இந்த வேலை?"

"மெதுவா. அந்த மலாய்க்காரம்மா பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"கத்திரிக்கோல் பிடிக்கிறதுக்கு," என்றாள் அவள். தொடை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. "ஏழு மாசம் ஒரு மூலையில ஒக்காந்து கொக்கி தச்சேன். ஷமீமா ஒரு வார்த்தை சொல்லல. சொல்லாததுதான் எனக்குத் தாங்கல. தீபாவளி வரைக்கும் விட்டுட்டு அப்புறம் ஆரம்பிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

"டாக்டர்ட்ட கேக்கலாம்ல? என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்ககிட்டயா? நீங்க என்ன சொல்லுவீங்க? போடுன்னு சொல்லுவீங்க. ரெண்டு வருஷமா நீங்க என்ன புருஷன் பாக்குற மாதிரியா பாக்குறீங்க? எங்க விரிசல் விட்டிருக்குன்னு பாக்குறீங்க. தும்மினா பாக்குறீங்க, சிரிச்சா பாக்குறீங்க. இங்க என்கூட எக்ஸர்சைஸ் பண்ண வர்றீங்களா, காவல் இருக்க வர்றீங்களா?"

முப்பது நொடி ஆகிவிட்டது என்று லொரைன் சொன்னது இருவர் காதிலும் விழவில்லை. மற்றவர்கள் எல்லாம் எழுந்து நின்ற பிறகும் இவர்கள் மட்டும் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள், ஆன்ட்டி, எனஃப் லா" என்று லொரைன் வந்து தோளைத் தொட்டாள்.

எழுந்தார்கள். பெர்னார்ட் கையை விடவில்லை. "கடையில ஏன் வச்சிருந்த? தூக்கிப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"போட மனசு வரல" என்றாள் அவள். "முதல் நாள் வீட்டுல குப்பை போடுற குழாய் மூடியத் தெறந்துட்டு அப்படியே நின்னேன். பயமா இருந்துச்சு."

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் அறை வாசலில் ரஞ்சிதம் நின்று, "நான் மட்டும் போறேன். நீங்க இங்கயே இருங்க" என்றாள். எப்போதும் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறவர் அவர்தான். இந்த முறை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே உண்மையைச் சொல்வாளா, பாதியைச் சொல்வாளா? பத்து நாள் என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? இரண்டு முறை எழுந்து கதவு வரை போய்த் திரும்பினார். எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார், தானும் அப்படித்தான் என்பதுபோல.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"திட்டல. நெறையப் பேர் இப்படித்தான் சொல்லாம நிறுத்திடுறாங்களாம். இன்னும் ரெண்டு வாரம் விட்டுட்டு வேற மாத்திரை தர்றாங்க. அதுவும் வலிச்சா மூணாவது ஒண்ணு இருக்காம். எக்ஸர்சைஸ விடாதீங்கன்னாங்க."

"எத்தனை நாள்னு சொன்ன?"

அவள் நின்றாள். "நாப்பத்திரெண்டு. இன்னைக்கும் சேத்து. போய்க் கேட்டுட்டு வர்றீங்களா?"

"வேணாம்."

பஸ் நிறுத்தத்தில் உட்காராமல் அவள் தாண்டி நடந்தாள். அவரும் கூட நடந்தார். மழை பெய்து ஓய்ந்த நடைபாதையில் மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நிறுத்தம் நடந்த பிறகு பெர்னார்ட் சொன்னார், "நான் பாக்குறது ஏன்னு ஒனக்குத் தெரியும். அன்னைக்கு நான் பாத்திருந்தா..."

"தெரியும்."

"மூணு மாசம். என்னாலதான்."

ரஞ்சிதம் நடைபாதையில் தேங்கிய தண்ணீரைத் தாண்டினாள். பிறகு, "ஜூன்ல ஒங்ககிட்ட சொன்னேன்ல" என்றாள். "நான் அத பிப்ரவரியிலேயே பாத்துட்டேன்."

அவர் நின்றுவிட்டார்.

"போகப் பயமா இருந்துச்சு. நாலு மாசம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறந்தான் ஒங்ககிட்ட சொன்னேன். நீங்க கொழுப்புக் கட்டின்னு சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு. நீங்க சொல்லிட்டீங்கன்னு நானும் விட்டுட்டேன்."

"ரெண்டு வருஷமா இத சொல்லல."

"சொல்லல."

"நான் எப்படி இருந்தேன்னு பாத்துக்கிட்டுத்தான இருந்த."

"பாத்தேன். சொல்லியிருக்கணும்."

"இப்ப ஏன் சொல்ற?"

"உள்ள டாக்டர்கிட்ட ஒரு உண்மைய சொல்லிட்டு வந்தேன். அந்தத் தைரியம் போறதுக்குள்ள இதையும் சொல்லிடலாம்னு."

அவருக்குக் கோபம் வந்தது. இரண்டு வருஷம் அவர் தூக்கிச் சுமந்ததில் பாதிக்கு மேல் அவளுடையது. பக்கத்திலேயே நடந்துகொண்டு, அவர் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். திட்ட வாயெடுத்தார். அவள் அதற்குள் பத்தடி தள்ளிப் போயிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், லொரைன் சொல்லிக் கொடுத்தபடி கையை வீசி நடந்தாள். அவர் எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தார். பிடித்தபோது திட்டுவதற்கு மூச்சு இல்லை.

"கொஞ்சம் மெதுவா போ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானம் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தார்கள். ஐந்து நாளில் அவர் மூன்று தடவை கோபப்பட்டிருந்தார், அவள் ஒரு தடவை அழுதிருந்தாள். நான்கு மணி வாக்கில் அவள் நாற்காலியை ஓரமாக நகர்த்தி, கூடத்தின் நடுவில் வந்து நின்று கைகளை நீட்டினாள். அந்த வாரத்துக்கு இருபது தடவை உட்கார்ந்து எழ வேண்டும்.

அவர் கைகளைப் பற்றினார். சாய்ந்தார்கள், இறங்கினார்கள், எழுந்தார்கள். அவர் எண்ணினார். நடுவில் எதிர் வீட்டிலிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டு, எண்ணிக்கை தவறிப் போயிற்று.

"பத்தா, பதினொண்ணா?"

"பதிமூணு" என்றாள் ரஞ்சிதம்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வேர்த்திருந்தது. கண்ணில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினொன்றுக்கு மேல் போயிருக்க வாய்ப்பே இல்லை.

"பதினாலு" என்று சொல்லிக்கொண்டு, பின்னால் சாய்ந்தார்.